வாசலில் பாவிய கற்கள் அமுங்குகின்றன: களிமண் நிலத்தில் சரியான முறை எது?

பாமணியாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியை அடுத்த ஒரு கிராமத்தில் எங்கள் வீடு இருக்கிறது. முன்வாசல் 40 அடி நீளமும் 18 அடி அகலமும் உடையது. 2018 நவம்பரில் கஜா புயல் அடிக்கும் வரை அங்கே ஒரு பெரிய மாமரம் நின்றது. அதன் நிழலில் வாசல் முழுவதும் சாணம் தெளித்த மண்தரையாகவே இருந்தது. மரம் வேரோடு சாய்ந்த பிறகு, சித்திரை வைகாசியில் விரல் நுழையும் அளவுக்கு மண் வெடிப்பதும், ஐப்பசி கார்த்திகையில் கணுக்கால் வரை சேறாவதும் வழக்கமாயிற்று. என் தாயார் அந்தச் சேற்றில் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வாசல் முழுவதும் சிமெண்ட் பேவர் கற்களைப் பாவினோம்.

வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் புல்லைச் செதுக்கிவிட்டு, களிமண்ணின் மேலேயே இரண்டு அங்குலம் கிரஷர் தூளை (ஜல்லி உடைக்கும் ஆலையில் கிடைக்கும் கல்பொடி) பரப்பி, அதன்மீது 60 மில்லிமீட்டர் கனமுள்ள கற்களை அடுக்கி, இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். முதல் மழைக்காலத்தில் குறை எதுவும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு தை மாத அறுவடையில், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் வாசலில் வந்து நின்ற அன்றுதான் முதன்முதலாகத் தடம் விழுந்தது. இப்போது இரண்டு சக்கரத் தடங்களும் இரண்டரை அங்குலம் பள்ளமாகிவிட்டன. அவற்றுக்கு நடுவிலுள்ள கற்கள் மாட்டின் முதுகுபோலப் புடைத்து நிற்கின்றன. மழை பெய்த மறுநாள் கல்லின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்பி, இடுக்கிலிருந்து சேற்றுநீர் காலில் தெறிக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் முறையிட்டதற்கு, “உங்கள் மண் அப்படி, நான் என்ன செய்வது” என்று சொல்லிவிட்டார்.

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி போடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். என் மைத்துனர் கடப்பாக்கல் போடச் சொல்கிறார். பெரியப்பா மகனோ ஐந்து அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்கிறார். என் மனைவிக்குக் கோலம் போடுவதற்கு ஒழுங்கான இடம் வேண்டும். பழைய கற்களில் பெரும்பாலானவை உடையாமல் இருக்கின்றன. அவற்றையே மறுபடி பயன்படுத்தலாமா? வாசலின் கிழக்கு ஓரத்தில் இரண்டு தென்னை மரங்கள் நிற்கின்றன. வீட்டின் தரைமட்டம் வாசலைவிட 2 அடி உயரம். தெருவுக்கு அப்பால் பாசன வாய்க்கால் ஓடுகிறது. கார் தினமும் வந்து போகும். டிராக்டர் ஆண்டுக்கு நான்கைந்து முறை வரும். களிமண் நிலத்தில் கல் பாவிப் பல ஆண்டுகள் பார்த்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


வெண்ணாறு எழுதியது:

ஐயா, நான் தஞ்சாவூரில் கட்டுமானப் பொறியாளராகப் பணி செய்கிறேன். கடப்பாவா கான்கிரீட்டா என்ற கேள்வியைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். கற்கள் உடையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பழுது கல்லுக்கு அடியில் இருக்கிறது.

நம் பகுதியின் கருங்களியில் மாண்ட்மோரிலோனைட் என்னும் கனிமம் மிகுதி. அது தண்ணீரை உறிஞ்சிப் புடைக்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வயலில் நடவுக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொடுக்கும் அதே குணம்தான் வாசலில் நமக்கு எதிராக நிற்கிறது. பேவர் கற்களின் இடுக்கு வழியே மழைநீர் ஓரளவு கீழே இறங்கத்தான் செய்யும். கிரஷர் தூளில் மாவுபோன்ற நுண்துகள் அதிகம் என்பதால் அது அந்த நீரை வடியவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியிலுள்ள களி ஊறிக் குழையும். அதன்மேல் பாரச் சக்கரம் ஏறும்போது களி மேலே பிதுங்கித் தூளுடன் கலக்க, கல் கீழே இறங்கும். இது என் ஊகமாக இருக்க வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். பள்ளமான தடத்தில் நான்கு கற்களைப் பெயர்த்து, அடியைக் கரண்டியால் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத் தூளும் கறுப்புக் களியும் கோடு கிழித்ததுபோலப் பிரிந்திருந்தால் நான் சொல்வது தவறு; இரண்டும் குழைந்து ஒன்றாகியிருந்தால் அடித்தளம் இல்லாததே காரணம்.

புதிதாகப் போடும்போது, களிமண்ணை முதலில் வாட்டம் பார்த்துச் சமன்செய்து இறுக்கி, அதன்மேல் 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ஜியோடெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். தண்ணீரை விட்டுவிட்டுக் களியை மட்டும் தடுத்து நிறுத்துவது அந்தத் துணியின் வேலை. துணியின்மேல் சாலைக்குப் போடும் வெட்மிக்ஸ் ஜல்லியை (பல அளவு ஜல்லியும் தூளும் ஈரத்தோடு கலந்தது), டிராக்டர் வரும் பகுதியில் 8 அங்குலமும் மற்ற இடங்களில் 6 அங்குலமும் இருக்குமாறு, ஒரு தடவைக்கு 4 அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, ஒவ்வொரு படையையும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். மொத்தக் கனத்தையும் ஒரே மூச்சில் கொட்டி மேலே மட்டும் இறுக்கினால், கீழ்ப்பாதி தளர்வாகவே கிடந்து பிறகு அமுங்கும். அதற்கு மேல் ஓர் அங்குலம் கழுவிய எம்சாண்ட்; அதற்கும் மேல்தான் கல்.

கல்லின் கனத்துக்கு இந்தியத் தர அளவு ஐஎஸ் 15658 வழி காட்டுகிறது. கார் போன்ற இலகுவான வண்டிகளுக்கு 60 மில்லிமீட்டர் கனமும் எம்35 என்னும் கான்கிரீட் வலிமைத் தரமும், அதற்கு அடுத்த நிலைப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டரும் எம்40-உம் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. மூட்டை ஏற்றிய டிராக்டர் வரும் 9 அடி அகலப் பாதைக்கு மட்டும் 80 மில்லிமீட்டர் கல் புதிதாக வாங்குங்கள். பழைய 60 மில்லிமீட்டர் கற்களைக் கழுவி மீதி இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். பாதையில் கற்களை வரிசையாக அடுக்காமல், மீன்முள்போல ஒன்றோடொன்று குறுக்கே பூட்டிக்கொள்ளும் விதமாக அடுக்கச் சொல்லுங்கள். வண்டி பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் கற்கள் நகராமல் காப்பது அந்த அமைப்புதான். நான்கு ஓரங்களிலும் கான்கிரீட்டில் பதித்த ஓரக்கல் கட்டாயம் இருக்க வேண்டும். ஓரம் விலகினால் இடுக்கு விரியும், இடுக்கு விரிந்தால் மணல் போகும்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. களிமண்ணில் ஓரடி ஆழம் தோண்டி அதை ஜல்லியால் நிரப்பினால், நாம் கட்டியிருப்பது ஒரு தண்ணீர்த் தொட்டி. சுற்றிலும் களி இருப்பதால் உள்ளே போன மழைநீருக்கு வெளியேற வழி கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை அடித்தளம் ஊறியபடியே கிடக்கும். உங்கள் வீட்டுத் தரை வாசலைவிட 2 அடி உயரம் என்பது பெரிய வசதி. தோண்டுவதைக் குறைத்து, வாசலையே 6 அங்குலம் உயர்த்திவிடுங்கள். பாவிய தளம் எப்போதும் வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்புப் படைக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். களிமண் மட்டத்துக்கே தெருப்பக்கமாக வாட்டம் கொடுத்து, தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாயை முக்கால் அங்குல ஜல்லிக்குள் பதித்து வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். மேல்தளத்துக்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் போதும். ஆனால் அது வீட்டிலிருந்து விலகிச் செல்லும் வாட்டமாக இருக்க வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் குழாய் வாசலில் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறத்தாழ 2,360 லிட்டர் தண்ணீர் இறங்கும். அது ஒரே இடத்தில் விழுந்தால் எந்தக் கல்லுக்கு அடியிலும் மணல் நிற்காது.

உங்கள் பெரியப்பா மகன் சொல்லும் கான்கிரீட் தளம் தவறானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் களிமண் புடைத்துச் சுருங்கும்போது அது விரிசல் விடும். விட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பேவர் தளம் ஓரிடத்தில் இறங்கினாலும் பத்துக் கல்லைப் பெயர்த்து, மணலைச் சரிசெய்து, அன்று மாலையே பழையபடி அடுக்கிவிடலாம். நம் மண்ணுக்கு அந்த நெகிழ்வு தேவை என்பது என் திடமான கருத்து.


பாமணியாறு எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இத்தனை விளக்கமாக யாரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை கற்களைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வீட்டுப் படியிலிருந்து பத்தடி தூரத்துக்காவது இயற்கைக் கல் போட வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். வாசலில் எந்தக் கல் நிலைக்கும் என்று யாராவது சொல்வீர்களா?


அரசலாற்றங்கரை எழுதியது:

வணக்கம். நான் கும்பகோணத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் வசிக்கிறேன். எங்கள் வீட்டு முற்றத்தில் பாவிய கருங்கற்கள் என் பாட்டி மணமாகி வந்த காலத்திலிருந்து அதே இடத்தில் இருக்கின்றன. டெல்டாவில் தோண்டினால் வண்டலும் களியும் மணலும் வருமே தவிரப் பாறை வராது. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியூரிலிருந்து வந்தது. ஆகவே அந்தக் காலத்துக் குடும்பங்கள் கல்லை எண்ணி எண்ணித்தான் போட்டிருக்கின்றன. மழை கொட்டும் முற்றம், துவைக்கும் இடம், கிணற்றடி, வாசற்படி ஆகியவற்றுக்குக் கல். மற்ற இடங்களுக்குச் செங்கல்லும் மண்ணும். அந்தக் கணக்கு இன்றைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். வாசல் முழுவதையும் கல்லால் மூட வேண்டியதில்லை.

எங்கள் முற்றத்துக் கல்லை உளியால் பொளிந்துதான் போட்டிருக்கிறார்கள். கையால் தடவினால் அம்மி கொத்தியதுபோலச் சிறு சிறு குழிகள் படும். அத்தனை ஆண்டுகள் நடந்து நடுப்பகுதி மழமழப்பாகிவிட்டாலும், ஓரங்களில் அந்தச் சொரசொரப்பு இன்னமும் இருக்கிறது. நான்கு பக்கத்துக் கற்களும் ஈசான மூலையிலுள்ள சலதாரையை நோக்கிச் சாய்ந்திருப்பது பார்த்தால் தெரியாது. ஒரு செம்பு தண்ணீரை எங்கே ஊற்றினாலும் அது அந்தத் துளைக்கே ஓடிச் சேர்வதைச் சிறுவயதில் விளையாட்டாகப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கடப்பாக்கல்லைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு கொல்லைப்புறத்தில் 150 சதுர அடிக்குக் கடப்பாக்கல் போட்டோம். கறுப்புக் கல் என்பதால் கத்திரி வெயிலில் வெறுங்காலை வைக்க முடியவில்லை; வடகம் காய்வதற்கு மட்டும் அது நல்ல இடம். கடப்பாவும் கோட்டாக்கல்லும் சுண்ணாம்புப் பாறையைச் சேர்ந்தவை. எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், கழிவறை கழுவும் அமிலம் எது பட்டாலும் மேற்பரப்பு அரித்து வெளுத்துவிடும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் இடத்தில் எங்கள் கல்லில் வட்டமாகத் திட்டு விழுந்திருக்கிறது. மார்கழியில் பாசி பிடித்தால், வழவழப்பான கடப்பாக்கல் பெரியவர்களுக்கு ஆபத்தானது. உங்கள் தாயார் இருமுறை விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மெருகேற்றிய எந்தக் கல்லையும் வாசலில் போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து பொளிந்த கருங்கல் பலகை வாங்கலாம். தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட் பலகையும் கிடைக்கிறது. இரண்டும் புளிக்கும் அமிலத்துக்கும் எளிதில் மசியாதவை.

கோலத்தைப் பற்றி உங்கள் மனைவி சொல்வது முற்றிலும் நியாயம். பேவர் கல்லின் இடுக்கில் மாவு விழுந்து இழை அறுந்துபோகும். புள்ளி வைப்பதற்குள் கல்லின் கட்டம் கண்ணைக் குழப்பும். நிலைவாசலுக்கு நேரே ஆறடிக்கு எட்டடி அளவில், இரண்டிரண்டு அடிப் பெரிய பலகைகளை இடுக்கு தெரியாமல் நெருக்கிப் போட்டுவிட்டால், பொங்கலுக்குப் போடும் பெரிய கோலமும் அதில் அடங்கும்.

இன்னொன்றைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் வாசலில் பந்தக்கால் நட வேண்டும். என் சித்தப்பா வீட்டில் வாசல் முழுவதும் கல் பாவிவிட்டு, மகள் கல்யாணத்துக்குப் பந்தல்காரர் வந்து நின்றபோது, கல்லைப் பெயர்த்துக் கடப்பாரையால் குழி தோண்டும்படி ஆயிற்று. அந்த இடம் இன்றுவரை சமமாகவில்லை. சவுக்குக் கம்பு நுழையும் அளவில் 4 அங்குலக் குழாய்த் துண்டுகளை ஒன்றரையடி ஆழத்துக்குப் பதித்து, மேலே மூடி போட்டு, கல் மட்டத்தோடு விட்டுவிடுங்கள். முகூர்த்தக்கால் நடும் இடத்தில் மட்டும் குழாய் வேண்டாம். நவதானியமும் பாலும் விடுவதற்கு அங்கே மண் இருக்கட்டும்.


குடமுருட்டி எழுதியது:

வணக்கம். பாபநாசம் பக்கத்தில் 26 ஆண்டுகளாகக் கொத்தனார் வேலை செய்கிறேன். அவற்றில் பதினோரு ஆண்டுகளாகக் கல் பாவும் வேலையும் எடுக்கிறேன். பொறியாளர் ஐயா சொன்ன அடுக்கு முறை சரியானது. களத்தில் பார்த்த சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, காலம். வைகாசியில் மண் கல்லாக இறுகி வெடித்துக் கிடக்கும்போது அதன்மேல் தளம் போட்டால், முதல் மழையில் அடிமண் புடைத்துக் கல்லைத் தூக்கும். கார்த்திகையில் போட்டால் இயந்திரத்தை வைத்து இறுக்க இறுக்க மண் ரப்பர்போலத் துள்ளுமே தவிர இறுகாது. அறுவடை முடிந்த மாசி, பங்குனிதான் ஏற்ற மாதங்கள். அப்போதும் மண் பதமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிடி களியை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உருண்டை பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளித்து ஒருநாள் ஊறவிட வேண்டும். சப்பென்று அப்பிக்கொண்டால் காயவிட வேண்டும். மூன்று நான்கு துண்டாக உடைந்தால் அன்றைக்கே திமிசு போட்டு மண்ணை இறுக்கலாம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் எல்லா வேலையும் முடிந்துவிட வேண்டும். வாய்க்காலிலும் வயலிலும் தண்ணீர் ஏறிவிட்டால் சுற்றுப்புறம் முழுவதும் அடிமண் ஈரமாகிவிடும்.

இரண்டாவது, சுண்ணாம்பு. டிராக்டர் பாதையில் மட்டுமாவது மேல்மண்ணை 6 அங்குலம் கிளறி, கட்டிகளை உடைத்து, நீற்றிய சுண்ணாம்புத் தூளை எடைக்கு நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தால், களியின் பிசுபிசுப்புக் குறைந்து மண் பொலபொலப்பாகும். பிறகு இறுக்கினால் நன்றாகக் கெட்டிப்படும். கிளறுவதற்கு வயலில் ஓட்டும் ரோட்டவேட்டரையே பயன்படுத்துவேன். கலந்த மண்ணை ஒருநாள் ஈரச் சாக்கால் மூடி வைத்து, மறுநாள் மறுபடி கிளறித்தான் இறுக்க வேண்டும். சுடாத சுண்ணாம்பு உதவாது; சுட்டும் நீற்றாத சுண்ணாம்பைக் கையாள்வது ஆபத்து. நீற்றாதது கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். தூளைப் பரப்புகிறவர்கள் கண்ணாடியும் முகத்துணியும் அணியாமல் இறங்கவே கூடாது.

மூன்றாவது, கல் வாங்கும் இடம். ரப்பர் அச்சில் ஊற்றி எடுத்த கல் கண்ணாடிபோலப் பளபளக்கும், கடையில் பார்க்க அழகாக இருக்கும், மழையில் வழுக்கும். வண்டிப் பாதைக்கு அதிர்வு இயந்திரத்தில் அழுத்தி எடுத்த கல்தான் வேண்டும். 200-க்கு 100 மில்லிமீட்டர் அளவும் 60 மில்லிமீட்டர் கனமும் உள்ள காய்ந்த கல் ஏறத்தாழ 2¾ கிலோ இருக்கும்; தராசில் வைத்துப் பாருங்கள், மிகவும் குறைந்தால் உள்ளே பொள்ளல் இருக்கிறது. பிறகு அதே கல்லை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி நிறுங்கள். தர அளவின்படி நீர் உறிஞ்சுதல் சராசரியாக நூற்றுக்கு 6-ஐத் தாண்டக்கூடாது. அதாவது இந்தக் கல்லில் 165 கிராமுக்கு மேல் எடை கூடினால் அந்தச் சுமையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆய்வுக்கூடத்தில் சூளையில் உலர்த்திச் செய்வார்கள். வீட்டில் செய்யும் இந்த முறையும் மோசமான கல்லைக் காட்டிக்கொடுக்கும். சதுர மீட்டருக்கு 50 கல் என்று கணக்கு வைத்து, வெட்டுக் கழிவுக்காக நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்குங்கள்.

கல் அடுக்கிய பிறகு இடுக்கில் சிமெண்ட் கரைசல் ஊற்றச் சிலர் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். நன்றாக உலர்ந்த நைஸ் மணலைத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி இறக்கி, இயந்திரம் ஓட்டி, மறுபடி மணல் பெருக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். ஈர மணல் இடுக்கின் வாயிலேயே நின்றுவிடும். மேலே நிரம்பியதாகத் தெரியும், உள்ளே வெறுமையாக இருக்கும். முதல் மழைக்குப் பிறகு இன்னொரு தடவை மணல் பெருக்குவதையும் கூலியிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேசாவிட்டால் யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்பதை எங்கள் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

தென்னையை நெருக்கிக் கல் போடாதீர்கள். தூரிலிருந்து சுற்றிலும் ஆறடி தூரத்துக்கு, எரு வைத்துத் தண்ணீர் கட்டும் வட்டப் பாத்தி அதற்கு வேண்டும். அந்த வட்டத்தை மண்ணாகவே விட்டு ஓரக்கல் மட்டும் வையுங்கள். வாசலில் விழும் மழையில் ஒரு பகுதியையாவது அந்த மண் குடிக்கும், மரமும் பிழைக்கும். மாமரம் இருந்த இடத்தில் பழைய வேர்க்கட்டை அடியில் கிடந்தால் தோண்டி எடுத்துவிடுங்கள். அது மக்க மக்க அந்த இடம் மட்டும் குழியாகும்.


உப்பனாறு எழுதியது:

நான் நாகப்பட்டினத்துக்காரன். கடலோரத்தவர்கள் இந்த இழையைப் படித்தால் பயன்படும் என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். உப்பு கலந்த மணலைக் கல்லுக்கு அடியில் போட்டுவிட்டு, இரண்டு கோடையாகக் கல்லின்மேல் வெள்ளை பூத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து வருந்துகிறோம். சிமெண்டிலிருந்து வரும் வெண்பூப்பு புதுக் கல்லில் சில மாதம் தோன்றித் தேய்க்கத் தேய்க்கக் குறைந்துவிடும். மணலிலிருந்தும் நிலத்தடி நீரிலிருந்தும் ஏறும் உப்பு அப்படி ஓய்வதில்லை. மணலை வாங்குவதற்கு முன் ஒரு கைப்பிடியைத் தெளிந்த நீரில் கலக்கி அந்த நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்; உவர்த்தால் வேண்டாம். வெள்ளையைப் போக்க அமிலம் ஊற்றும்படி எங்களுக்கு ஒருவர் சொன்னார்; ஊற்றியதில் கல்லின் சிவப்பு நிறமும் சேர்ந்து போயிற்று.


பாமணியாறு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை கற்களைப் பெயர்த்துப் பார்த்தோம். பொறியாளர் ஐயா சொன்னது அப்படியே இருந்தது. சக்கரத் தடத்தில் தூளும் களியும் பிரிக்க முடியாதபடி குழைந்து, பிசைந்த எள்ளுருண்டைபோலக் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தன. மழை நின்று பன்னிரண்டு நாள் ஆகியும் உள்ளே கசகசவென்று ஈரம். வண்டி போகாத ஓரத்தில் அதே தூள் தனியாக, அரை அங்குலம்கூட இறங்காமல் இருந்தது. ஒரே வாசலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் விவாதம் ஓய்ந்தது; பெரியப்பா மகனும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

மாசி மாதம் வேலையைத் தொடங்குகிறோம். வாசலை 6 அங்குலம் உயர்த்துகிறோம். டிராக்டர் பாதை 40-க்கு 9 அடி. நிலைவாசலுக்கு நேரே பொளிந்த கருங்கல். தென்னையைச் சுற்றி மண் வட்டம். பந்தக்காலுக்கு ஆறு குழாய்கள் பதிக்கிறோம். அரசலாற்றங்கரைச் சகோதரி அதைச் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தோன்றியிருக்காது. கொத்தனார் ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்தப் பாதைக்கு எத்தனை மூட்டை சுண்ணாம்பு சொல்லி வைக்கட்டும்?


குடமுருட்டி எழுதியது:

40-க்கு 9 அடியில் 6 அங்குலம் கிளறினால் 180 கன அடி மண். அதன் எடை ஏறத்தாழ 8 டன். நூற்றுக்கு நான்கு என்றால் 25 கிலோ மூட்டை 13 ஆகும்; சிந்துவதற்கு ஒன்று சேர்த்து 14 சொல்லி வையுங்கள். மூட்டை வந்ததும் நனையாத இடத்தில், தரையில் படாமல் பலகை போட்டு அடுக்குங்கள். கிளறுகிற அன்று காலையில்தான் வாயைப் பிரிக்க வேண்டும்.